பொறந்த தோட்டத்த பாக்க சிலோன் போறவங்களுக்கு: ஈடிஏ விசா, பாஸ்போர்ட் வெவரம்

எங்க அப்பாயி 1974ல தலைமன்னார்ல ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல எறங்கினவங்க. அங்க இருந்து வந்தவங்கள தங்க வெச்ச மண்டபம் கேம்ப்ல கொஞ்ச நாள் இருந்துட்டு கோத்தகிரி பக்கம் கொழுந்து பறிக்க வந்தாங்க, அப்ப அது அரசாங்க தேயிலைத் திட்டம், டான்டீங்கற அரசாங்க தேயிலைக் கம்பெனியா ஆனது அப்புறந்தான். போன வருஷம் ஒரு நாள் சாயங்காலம் அடுப்புகிட்ட உக்காந்துகிட்டு "தலவாக்கலைக்கு போயி அந்த லயத்த ஒரு தடவ பாத்துட்டு வந்துட்டேன்னா போதும்டா"ன்னு சொன்னாங்க. தலவாக்கலை அங்க மலையில இருக்குற தேயிலை ஊரு, லயம்னா தோட்டத்து ஆளுங்க இருந்த வரிசை வீடு. அதுக்காக நான் அலைஞ்சதுல தெரிஞ்சுகிட்டதத்தான் எழுதறேன். குன்னூர், கூடலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி எங்க போனாலும் இதே ஆசையோட இருக்குற பெரியவங்க இருக்காங்க, எல்லாருக்கும் வயசு ஏறிட்டே போகுது.

முதல்ல ஒரு விஷயம். "நான் அங்க பொறந்தவ, எனக்கு எதுக்கு விசா"ன்னு அப்பாயி கேட்டாங்க, இத நெறைய பேரு கேக்குறாங்க. 1964 அக்டோபர் 30ல ரெண்டு நாட்டு பிரதமருங்களும் போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல, அங்க குடியுரிமை இல்லாம இருந்த இந்திய வம்சாவளி ஆளுங்கள்ல 5,25,000 பேர இந்தியா ஏத்துக்கறதுன்னும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை குடுக்கறதுன்னும் முடிவாச்சு, மிச்சம் இருந்த 1,50,000 பேர 1974ல சரி பாதியா பிரிச்சாங்க. அந்தக் கணக்குல இந்தப் பக்கம் வந்தவங்க எல்லாம் இந்தியக் குடிமக்கள். அங்க எறங்கும்போது கையில இருக்குறது இந்திய பாஸ்போர்ட், அதனால சுத்திப்பாக்க வர்ற மத்த இந்தியருக்கு என்ன சட்டமோ அதேதான். பொறந்த ஊருங்கறதுக்காக தனிச் சலுகை எதுவும் கெடையாது. மனசுக்கு கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா அதான் நெலம.

விசான்னு நாம சொல்றதுக்கு அங்க ஈடிஏன்னு பேரு, மின்னணு பயண அனுமதி. சென்னைக்கு போயி தூதரகத்துல வரிசையில நிக்கிற வேலையெல்லாம் இல்ல, ஆன்லைன்லயே எடுத்துடலாம். சொந்தக்காரங்கள பாக்குறது, ஊர் சுத்துறது, கோயிலுக்கு போறது எல்லாம் டூரிஸ்ட் ஈடிஏலயே அடங்கிடும். 30 நாள் தங்கலாம், அதுக்குள்ள ரெண்டு தடவை உள்ள போய் வரலாம். அதுக்கு மேல தங்கணும்னா அவங்க குடிவரவுத் துறைகிட்ட நீட்டிப்பு கேக்கணும், தலைமை ஆபீஸ் கொழும்பு பக்கத்துல பத்தரமுல்லையில இருக்கு. சம்பளத்துக்கு வேலை பாக்க இது செல்லாது, பத்து நாளா இருந்தாலும் செல்லாது.

கட்டணம் இருந்தா டாலர்ல கேப்பாங்க. இது அடிக்கடி மாறுற விஷயம், 2023 நவம்பர்ல இருந்து இந்தியாக்காரங்களுக்கு இலவசமாவே குடுத்தாங்க, அப்புறம் 2024ல விண்ணப்பம் வாங்குற வேலையையே வெளி கம்பெனிக்கு குடுத்து, கேஸாகி, அவங்க சுப்ரீம் கோர்ட் அத நிறுத்தி வெச்சு, மறுபடி பழைய ஈடிஏ சைட்டுக்கே வந்தாங்க. அதனால பக்கத்து வீட்டு அண்ணன் போன தடவை எவ்வளவு கட்டினாருங்கறத வெச்சு கணக்கு போடாதீங்க, நீங்க விண்ணப்பிக்கிற அன்னைக்கு அரசாங்க சைட்டுல என்ன காட்டுதோ அதுதான். இலவசமா குடுத்த காலத்துலயும் ஈடிஏ எடுத்துத்தான் போகணும்னு இருந்துச்சு, கட்டணம் இல்லன்னா அனுமதியும் வேணாம்னு அர்த்தம் இல்ல. 12 வயசுக்கு உள்ள குழந்தைங்களுக்கு கட்டணம் கெடையாது, ஆனா அவங்க பேர்லயும் தனியா ஈடிஏ எடுக்கணும்.

இந்த எடத்துலதான் நான் ஏமாந்தேன். தேடிப் பாத்தப்ப மொதல்ல வந்த சைட்ட அரசாங்க சைட்டுன்னு நம்பிட்டேன், கொடி, சின்னம் மாதிரி ஒண்ணு எல்லாம் அப்படியே இருந்துச்சு, பணம் கட்டினதுக்கப்புறந்தான் தெரிஞ்சுது கட்டணத்துக்கு மேல அதே அளவு சர்வீஸ் சார்ஜ் புடுங்கியிருக்காங்கன்னு. கொழுந்து எடுத்து சேத்த காசு அது. அரசாங்க சைட் முகவரி ஈடிஏ, புள்ளி, ஜிஓவி, புள்ளி, எல்கே, அவ்வளவுதான். கடைசில ஜிஓவி எல்கே இல்லாம வேற எதுவா இருந்தாலும் மூடிட்டு வெளிய வந்துருங்க. பணம் கட்ட விசா, மாஸ்டர் மாதிரி கார்டு வேணும், அதுல வெளிநாட்டு பரிவர்த்தனைய பேங்க் ஆப்ல ஆன் பண்ணி வெச்சிருக்கணும். நம்ம ஆளுங்க கார்டுல பாதிக்கு மேல அது ஆஃப்ல இருக்கும், நாலு தடவ ஃபெயில் ஆனதும் பயந்து போயி புரோக்கர்கிட்ட ஓடுவாங்க.

ஃபார்ம் ஒண்ணும் பெருசா இல்ல, பாஸ்போர்ட்ட பக்கத்துல வெச்சுகிட்டு எழுத்துக்கு எழுத்து அப்படியே அடிக்கணும், அங்க தங்கப் போற முகவரி குடுக்கணும். தனி ஆளாவும் போடலாம், குடும்பமா சேத்து குழுவாவும் போடலாம், பெரியவங்களுக்காக நீங்களும் போட்டுக் குடுக்கலாம். அனுமதி ஈமெயில்ல வரும், அத பிரிண்ட் எடுத்து கையில வெச்சுக்கங்க, ஏர்போர்ட்ல போன் சார்ஜ் போச்சுன்னு நின்னவங்கள பாத்திருக்கேன்.

உண்மையச் சொன்னா ஈடிஏ அரை மணி நேர வேலை. நம்ம ஆளுங்க மாட்டிக்கிறது அதுக்கு முன்னாடி, பாஸ்போர்ட்ல. அதனால போக நெனைக்கிறதுக்கு மூணு நாலு மாசம் முன்னாடியே பாஸ்போர்ட் வேலைய ஆரம்பிச்சுருங்க. பாஸ்போர்ட் இருக்குறவங்களும் எடுத்து தேதிய பாருங்க, இலங்கைக்குள்ள போற நாள்ல இருந்து இன்னும் 6 மாசமாவது அது செல்லணும்.

நீலகிரி மாவட்டம் கோயமுத்தூர் பாஸ்போர்ட் ஆபீஸ் கணக்குல வருது. 36 பக்க சாதா பாஸ்போர்ட் 1,500 ரூபா, அவசரமா எடுக்குற தட்கல்னா மேல 2,000. முதல் தடவ எடுக்குற 60 வயசுக்கு மேலானவங்களுக்கு 10 சதவீதம் தள்ளுபடி இருக்கு. பிறந்த தேதிக்கு சர்டிபிகேட் இல்லையேன்னு பெரியவங்க ரொம்ப பயப்படுறாங்க. பிறப்புச் சான்றுதான் வேணும்னு 2025ல வந்த விதி 2023 அக்டோபர் 1ல இருந்து பொறந்த குழந்தைங்களுக்குத்தான், அதுக்கு முன்னாடி பொறந்தவங்க பள்ளிக்கூட டிசி, பான் கார்டு, வாக்காளர் அட்டை, எல்ஐசி பாலிசி, அரசாங்க வேலை பாத்தவங்கன்னா சர்வீஸ் பதிவு இப்படி எதாவது ஒண்ணு காட்டலாம். ஆனா எல்லாத்துலயும் ஒரே தேதி இருக்கணும். அப்பாயிக்கு ஆதார்ல ஜனவரி 1, வாக்காளர் அட்டையில வேற வருஷம், அத சரி பண்றதுக்கே ஒன்றரை மாசம் போச்சு.

அடுத்தது பொறந்த எடம். ஆதார் கார்டுல பொறந்த ஊர் இல்லாததால சில பேரு சுலபமா இருக்கட்டும்னு கோத்தகிரின்னே போட்டுடறாங்க, டைப் பண்றவங்களும் கேக்காம அப்படியே அடிச்சுடறாங்க. அது தப்பு, பின்னாடி பிரச்சனை. இந்தியாவுக்கு வெளியன்னு தேர்வு பண்ணி நாடு இலங்கைன்னும் ஊரையும் சரியா போடுங்க, குடியுரிமை எப்படி வந்துச்சுங்கற கேள்விக்கு பிறப்புன்னு டிக் அடிக்காம பதிவு மூலமான்னு போடுங்க. ஆதாரம் உங்க வீட்டுலயே இருக்கு. அப்பாயியோட டிரங்கு பெட்டியில பழைய சேலைக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் கவர், அதுக்குள்ள அந்தக் காலத்துல கண்டியில இந்தியத் தூதரக ஆபீஸ் குடுத்த பாஸ்போர்ட், தாத்தா அப்பாயி ரெண்டு புள்ளைங்க நாலு பேரும் ஒரே போட்டோவுல, ஓரம் எல்லாம் கரையான் தின்னது போக மிச்சம், கூடவே மண்டபத்துல குடுத்த குடும்ப அட்டை. இது ரெண்டும்தான் நம்ம ஆளுங்களோட உயிர்நாடி. லேமினேட் பண்ணாதீங்க, கலர் ஜெராக்ஸ் எடுத்து வெச்சுட்டு ஒரிஜினல எடுத்துட்டு போங்க. முன்னாடி பாஸ்போர்ட் இருந்துச்சான்னு ஃபார்ம்ல கேப்பாங்க, அதையும் மறைக்காதீங்க.

பேர் விஷயம். இனிஷியல் போடக்கூடாது, விரிச்சு எழுதணும். வெறும் முனியம்மான்னு ஒத்தைப் பேரா விட்டுட்டா குடும்பப் பேர் கட்டம் காலியா வந்துடும், அப்புறம் வெளிநாட்டு ஃபார்ம் எல்லாத்துலயும் அந்தக் கட்டத்துல திண்டாடணும், அப்பா பேரையோ வீட்டுக்காரர் பேரையோ அங்க போட்டுருங்க. படிக்காதவங்களுக்கு ஈசிஆர் முத்திரை, அதாவது சில நாடுகளுக்கு வேலைக்கு போக தனி அனுமதி வேணும்ங்கற குறிப்பு, விழுமேன்னு கேக்குறாங்க, 50 வயசு தாண்டினவங்களுக்கு அந்தக் கவலை வேணாம்.

ஒரு முக்கியமான வித்தியாசம் சொல்லணும். மேல சொன்னது எல்லாம் ஒப்பந்தத்துல வந்து இந்தியக் குடியுரிமை உள்ளவங்களுக்கு. 1983க்கு அப்புறம் கலவரத்துல வந்து அகதியா பதிவாகி இருக்குறவங்களுக்கு வழி வேற, அவங்க சென்னையில இருக்குற இலங்கை துணைத் தூதரகத்துல பயண ஆவணம் வாங்கணும், இந்தியாவ விட்டு வெளிய போறதுக்கு இங்க அனுமதியும் வாங்கணும். ஒரே வீட்டுல மாமியார் ஒப்பந்தத்துல வந்தவங்க, மருமக அகதியா வந்தவங்கன்னு இருக்கு, ரெண்டு பேருக்கும் ஒரே ஃபார்ம்னு நெனச்சு டிக்கெட் போட்டுடாதீங்க.

திருச்சி, மதுரை, சென்னையில இருந்து கொழும்புக்கு விமானம் இருக்கு. நாகப்பட்டினத்துல இருந்து யாழ்ப்பாணம் பக்கத்து காங்கேசன்துறைக்கு போற கப்பல் 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சு நின்னு, 2024 ஆகஸ்ட்ல மறுபடி ஓடுச்சு, கடல் மோசமான மாசங்கள்ல நிறுத்திடுவாங்க. கப்பல்ல போனாலும் இதே பாஸ்போர்ட், இதே ஈடிஏதான். மலையகம், அதாவது தேயிலைத் தோட்டம் இருக்குற மலைப்பக்கம் போறவங்களுக்கு அது சுத்து வழி, யாழ்ப்பாணத்துல இருந்து ஹட்டனுக்கு வயசானவங்கள கூட்டிட்டு போறது லேசு இல்ல. 2025 நவம்பர்ல டித்வா புயல்ல அந்தப் பக்கம் மண்சரிவு ரொம்ப, மலை ரயில் பாதையும் சேதம், அதனால ரயில நம்பி திட்டம் போடறதுக்கு முன்னாடி அங்க இருக்குற சொந்தக்காரங்கள கேட்டுக்கங்க.

திரும்பி வர்ற டிக்கெட் கட்டாயம் காட்டணும், செலவுக்கு பணம் இருக்கான்னும் கேக்கலாம். வருகை அட்டைய நிரப்பணும், அதுல தங்குற எடம் சும்மா தலவாக்கலைன்னு போடாம தோட்டத்து பேரு, டிவிஷன், சொந்தக்காரங்க போன் நம்பர் எல்லாம் ஒரு தாள்ல எழுதி பெரியவங்க கையிலயே குடுத்துருங்க.

கட்டுநாயக்க ஏர்போர்ட்ல, கொழும்பு விமானம் எறங்குற எடத்துல, அப்பாயி பாஸ்போர்ட்ட வாங்கின அதிகாரி பொறந்த எடத்த பாத்துட்டு நிமிந்து "தலவாக்கலையா அம்மா?"ன்னு தமிழ்ல கேட்டாரு. அப்பாயிக்கு பேச்சு வரல, தலைய மட்டும் ஆட்டினாங்க. அவரு முத்திரை குத்தி நீட்டினாரு. அந்த முத்திரையில இருக்குற தேதியில இருந்துதான் 30 நாள எண்ணணும், அத தாண்டி ஒரு நாள் கூட தங்காதீங்க.