ஒரே காய்ச்சல், பல கிருமிகள்

மன்னார்குடிப் பக்கம் மலேரியா என்றால் பலர் நம்புவதில்லை. "அது அந்தக் காலத்து நோயாச்சே டாக்டர்" என்பார்கள். குறைந்திருப்பது உண்மைதான். ஆனால் நடவுக்கு வங்காளத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நம் ஊர்க்காரர்கள் ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. குழந்தைக்குக் குளிர்காய்ச்சல் வந்தால், வீட்டில் யார் எங்கே போய் வந்தார்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் ஒரு இடத்தில் திட்டாகவும் பக்கத்தில் மெல்லிய பூச்சாகவும் வைப்போம். கிருமி இருக்கிறதா என்று திட்டு காட்டும். எந்த இனம் என்று பூச்சு காட்டும்: ஃபால்சிபாரம் என்றால் சின்னச் சின்ன வளையங்கள், வைவாக்ஸ் என்றால் உப்பிப் பெருத்த சிவப்பணு. அதற்கு மேல் நுண்ணோக்கியில் தெரியாது. நாற்றில் கலப்பு இருந்தால் கதிர் வரும்வரை தெரியாதல்லவா, அப்படித்தான். மலேரியா மிகுந்த ஆப்பிரிக்க ஊர்களில் மரபணுச் சோதனை செய்தால், ஒரே குழந்தையின் ரத்தத்தில் ஃபால்சிபாரத்திலேயே இரண்டு மூன்று வகைகள், சில சமயம் இன்னும் அதிகம் தென்படுகின்றன. கொசுவின் வயிற்றில் ஆண், பெண் கிருமிகள் கூடும்போது மரபணுக்கள் கலந்து புதுப்புது வகைகள் பிறக்கின்றன. போதாததற்கு, ஒவ்வொரு ஃபால்சிபாரம் கிருமியிடமும் மேற்பூச்சை மாற்றிக்கொள்ள ஏறக்குறைய 60 மரபணுக்கள் உண்டு. சின்னக் குழந்தையின் எதிர்ப்புச் சக்தி இத்தனையையும் பழகுவதற்குள் ஆபத்து முந்திவிடுகிறது. ஆப்பிரிக்காவில் மலேரியாவால் இறப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

ஃபால்சிபாரத்துக்குக் கூட்டு மருந்து கொடுப்பது இதனால்தான். ஒரு மருந்துக்குத் தப்பும் வகை இன்னொன்றிடம் மாட்டும். மூன்று நாள் மருந்தை முதல் நாளோடு நிறுத்தினால் தப்பியது மறுபடி பெருகும்.

வைவாக்ஸ் கதை வேறு. ரத்தத்தில் ஒழித்தாலும் கல்லீரலில் சில தூங்கிக்கொண்டிருக்கும். மாதங்கள் கழித்து எழுவது, முதலில் காய்ச்சல் தந்த அதே வகையாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அதற்குத்தான் 14 நாள் பிரைமாகுயின். "காய்ச்சல்தான் விட்டுடுச்சே, பச்சப்புள்ளைக்கு இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று கேட்காத பாட்டி இல்லை. காய்ச்சல் விட்டது ரத்தத்தில்தான் பாட்டி, ஈரலுக்கு இன்னும் மருந்து போக வேண்டும் என்பேன்.

ரத்தப் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். மிஞ்சிய பிரைமாகுயினைத் தம்பி தங்கைக்கோ கர்ப்பிணிக்கோ கொடுக்கவே கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அது சிவப்பணுக்களை உடைத்துவிடும். மாத்திரை தொடங்கிய பின் சிறுநீர் கறுத்துப் போனால், அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் அன்றே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள்.