வீட்டில் சிங்கிள்ஸ் சந்திப்பா? முதலில் அந்த வாட்ஸ்அப் குரூப்பைக் கலையுங்கள்

வரப்போகிற 14 பேரையும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவதுதான் வீட்டில் சிங்கிள்ஸ் சந்திப்பு நடத்துபவர்கள் செய்கிற முதல் தவறு. அந்த நொடியே ஏழு பெண்களின் எண்ணும் முன்பின் தெரியாத ஏழு ஆண்கள் கைக்குப் போய்விடும். யாருக்கு யாரைப் பிடித்தது என்பதெல்லாம் பிறகு. ‘ஹாய்’ மட்டும் அன்று இரவே வந்துவிடும். அழைப்பைத் தனித்தனியாக அனுப்புங்கள். பிராட்காஸ்ட் லிஸ்ட்டும் சரிதான், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும்.

அழைக்கும்போதே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். கல்யாணத்துக்குப் பார்க்கிறார்களா, சும்மா பழகிப் பார்க்கவா? இந்த இரு கூட்டத்தையும் கலந்தால் மாலை முழுக்கச் சங்கடம்தான். அடுத்தது, சட்டப்படி தனியாக இருக்கிறார்களா? விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தால், தீர்ப்பு வரும்வரை அவர் திருமணமானவர்தான். கூச்சப்படாமல் கேளுங்கள்.

சென்னை ஃபிளாட் ஹாலுக்கு ஏழுக்கு ஏழு தாராளம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடுகிறார். வீட்டாரோடு 16 பேர் என்றால் 1,600 வாட். அதைத் தணிக்கவே ஏசியில் அரை டன் போய்விடும். ஆட்கள் வந்த பிறகு ஏசி போட்டால் முதல் அரைமணி நேரம் எல்லோர் நெற்றியிலும் வியர்வை. நாலரைக்குச் சந்திப்பு என்றால் நாலு மணிக்கே ஓடட்டும்.

நாற்காலிகளை நேருக்கு நேர் போடாதீர்கள், பொண்ணு பார்க்க வந்த மாதிரி ஆகிவிடும். சற்றே சாய்கோணத்தில், ஒரு கை தூரத்தில் போடுங்கள். ஒரு வரிசை உட்கார்ந்திருக்க, மற்றது ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் இடம் நகரும். பேச ஆறு நிமிடம், மாற ஒரு நிமிடம்; ஏழு சுற்றுக்கு 49 நிமிடம். கடைசி நேரத்தில் ஒருவர் வராவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் ஒருவருக்குத் துணை இருக்காது. அவர் கைப்பேசியை நோண்டிக்கொண்டு உட்காராமல், காபி மேசையில் வீட்டாரோடு பேசிக்கொண்டிருக்கட்டும். சம்பளம், ஜாதி, ஜாதகம் மூன்றும் முதல் சந்திப்பில் வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

சாப்பாடு ஒரு கையால் எடுக்கிற மாதிரி இருக்க வேண்டும்: மினி சமோசா, சின்னக் கப்பில் சுண்டல், ஆளுக்கு ஐந்தாறு துண்டு. சாம்பார் இட்லி வைத்தால் பேச்சு நின்றுவிடும், சட்டையும் போய்விடும். பச்சை வெங்காயம் தூவவே கூடாது. காரணம் சொல்லத் தேவையில்லை. மதுவும் வேண்டாம். படுக்கையறைகளைப் பூட்டிவிடுங்கள். வாட்ச்மேனிடம் பெயர்ப்பட்டியல் மட்டும் போதும். ‘என்ன விசேஷம்’ என்று கேட்கும் எதிர்வீட்டு மாமிக்கு ‘ஃபிரெண்ட்ஸ் வராங்க’ என்பதே முழு உண்மை.

எல்லாவற்றையும்விட முக்கியம், யாருக்கு யாரைப் பிடித்தது என்று குறிக்கும் சீட்டு. அஞ்சலட்டையில் பாதி அளவு, மேலே சீட்டை வைத்திருப்பவரின் வரிசை எண் (கைப்பேசி எண் அல்ல), கீழே எதிர்வரிசையின் ஏழு வரிசை எண்கள், பக்கத்தில் ‘மறுபடி பேசலாம்’ என்று டிக் போட ஒரு கட்டம். பெயர் வேண்டாம், ஏழு பேரில் இரண்டு கார்த்திக் எப்படியும் இருப்பார்கள். ஏழு சுற்றும் முடிந்ததும் மடித்துப் பெட்டியில் போடட்டும். ஹாலிலேயே பிரித்துப் படிக்காதீர்கள். யாரும் டிக் போடாத ஒருவர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். மறுநாள் மதியத்துக்குள், இருவரும் டிக் போட்டிருந்தால் மட்டும், இருவரிடமும் இன்னொரு முறை கேட்டுவிட்டுக் கைப்பேசி எண்ணைக் கொடுங்கள். மற்றவர்களுக்கு ‘இந்தத் தடவை அமையவில்லை’ என்ற ஒரே வரி.

‘அவங்க நம்பர் மட்டும் குடுங்க, நான் பேசிக்கிறேன்’ என்று ஒருவராவது கேட்பார். கொடுக்காதீர்கள். விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகச் சொன்ன பிறகும் விடாமல் தொடர்புகொள்வது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 78ஆம் பிரிவில் குற்றம். முதல் முறைக்கே மூன்று ஆண்டுகள் வரை சிறை. கேட்பவருக்கு அதையும் சொல்லிவிடலாம். அப்படி யாராவது தொந்தரவு கொடுத்தால் அந்தப் பெண் அழைக்க வேண்டியது பெண்கள் உதவி எண் 181, அவசரமென்றால் 112.