ஜெர்ரிமாண்டரிங்: மறுசீரமைப்பு அல்ல, தொகுதித் திரிப்பு

2025 ஆகஸ்டில் டெக்சாஸ் சட்டமன்றம் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கான தன் தொகுதிகளைப் புதிதாக வரைந்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்தபின் செய்யும் வேலையை நடுவிலேயே செய்தார்கள். குடியரசுக் கட்சிக்குக் கூடுதலாக ஐந்து இடங்கள் வேண்டும் என்பதை யாரும் மறைக்கவும் இல்லை. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அவை கூட முடியாதபடி மாநிலத்தை விட்டே வெளியேறினார்கள். இத்தனையையும் விவரித்துவிட்டு, நான் படித்த தமிழ்ச் செய்திகள் பலவும் தலைப்பில் போட்ட சொல் 'தொகுதி மறுசீரமைப்பு'. இதில் சீர் எங்கே இருக்கிறது?

தன் கட்சி ஜெயிக்கும்படி தொகுதி எல்லைகளை வரையும் இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ஜெர்ரிமாண்டரிங் என்று பெயர். சொல் பிறந்த கதை சிறியது. 1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த எல்பிரிட்ஜ் கெர்ரி, தன் கட்சிக்குச் சாதகமாக மாநில மேலவைத் தொகுதிகளை மாற்றும் சட்டத்தில் கையெழுத்திட்டார். எசெக்ஸ் மாவட்டத்தில் அப்படி வெட்டிய ஒரு தொகுதி வளைந்து நெளிந்து கிடந்தது. அதற்குச் சிறகும் நகமும் வைத்து பாஸ்டன் இதழ் ஒன்று கேலிச்சித்திரம் போட்டது. பார்க்கப் பல்லி போல இருக்கும் சாலமாண்டர் என்ற பிராணியின் பெயரோடு ஆளுநர் பெயரை ஒட்டி 'கெர்ரிமாண்டர்' ஆக்கினார்கள். அவர் பெயர் கெர்ரிதான். பின்னாளில் சொல் மட்டும் ஜெர்ரிமாண்டராகத் திரிந்துவிட்டது. அந்த ஆண்டுத் தேர்தலில் கெர்ரியின் கட்சி குறைவான வாக்குகளே வாங்கியும் மேலவையின் 40 இடங்களில் 29ஐப் பிடித்தது.

செய்முறை இரண்டு வகை. எதிர்க்கட்சி வாக்காளர்களை ஓரிரு தொகுதிகளில் குவித்து, அங்கே தேவைக்கு மேல் பெரிய வெற்றியாக விட்டுவிடுவது ஒன்று. மீதிப் பேரைப் பல தொகுதிகளில் சிதறடித்து, எங்குமே பெரும்பான்மை கிடைக்காமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. 2018இல் விஸ்கான்சின் மாநிலக் கீழவைத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி மாநிலம் முழுக்கச் சுமார் 53 விழுக்காடு வாக்கு வாங்கியும் 99 இடங்களில் 36 மட்டுமே பெற்றது. ஜனநாயகக் கட்சியும் இதற்கு விலக்கல்ல. 2011இல் மேரிலாந்தில் அவர்கள் வரைந்த வரைபடமும் இதே வேலைதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மறுசீரமைப்பு' ஏன் ஆகாது என்றால், சீரமைப்பது குலைந்ததை ஒழுங்காக்குவது. சாலையைச் சீரமைப்போம், கோயில் குளத்தைச் சீரமைப்போம். எதிராளி ஜெயிக்கவே முடியாதபடி கோடு போடுவதற்கு அந்தச் சொல்லைக் கொடுத்தால், செய்தவர் தரப்பின் நியாயத்தைச் செய்தியாளரே சொல்லிவிட்டதாக ஆகும். அப்புறம் சீர்திருத்தம் பற்றி எழுத வரும்போது மாட்டிக்கொள்கிறார்கள். 'மறுசீரமைப்பைத் தடுக்கச் சீர்திருத்தம் கோரும் மக்கள்' என்று எழுதினால் படிப்பவருக்கு என்ன புரியும்?

சிலர் 'தொகுதி மறுவரையறை' என்கிறார்கள். அது நடுநிலையான சொல், ஆனால் வேறு பொருளுக்கு உரியது. கணக்கெடுப்புக்குப் பின் எல்லைகளை மாற்றுவது எல்லா மாநிலத்திலும் நடந்தே ஆக வேண்டிய வேலை. ரீடிஸ்ட்ரிக்டிங் என்கிற அதற்குத்தான் மறுவரையறை பொருந்தும். நல்ல மறுவரையறையும் உண்டு. அயோவாவில் 1980 முதல் கட்சி சாராத அலுவலர்கள் வரைகிறார்கள். அரிசோனாவில் 2000இலும் மிச்சிகனில் 2018இலும் மக்களே வாக்களித்து அந்த வேலையைத் தனி ஆணையத்திடம் கொடுத்தார்கள். மிச்சிகன் ஆணையத்தில் இரு கட்சிக்கும் நான்கு நான்கு பேர், எந்தக் கட்சியும் சாராதவர் ஐந்து பேர். ஆணையம் செய்ததையும் டெக்சாஸ் செய்ததையும் ஒரே சொல்லில் கட்டிவிட்டால் எதற்காக அங்கே இத்தனை போராட்டம் என்பதே தெரியாமல் போகும். போதாததற்கு, தமிழ்நாட்டில் மறுவரையறை என்றதும் எந்த மாநிலத்துக்கு எத்தனை மக்களவை இடம் என்ற கேள்விதான் மனத்தில் எழுகிறது. அமெரிக்காவில் 435 இடங்களை மாநிலங்களுக்குப் பிரிப்பது தனி வேலை. அதை 'இடப்பங்கீடு' என்று சொன்னால் குழப்பம் தீரும்.

'தொகுதி மோசடி' எனக்குக் கொஞ்ச நாள் பிடித்திருந்தது. ஆனால் மோசடி என்றால் காதில் விழுவது குற்றம், கைது, வழக்கு. இங்கே நடப்பது சட்டம் இயற்றியே செய்வது. கள்ள வாக்கோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளவும் இடம் கொடுக்கிறது. 'பல்லித் தொகுதி' என்று அழகாக ஆக்கிப் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: சாலமாண்டர் பல்லியே அல்ல, தவளை இனத்தோடு சேரும் இருவாழ்வி. கேலிச்சித்திரத்தைப் பார்த்திராத வாசகருக்கு அந்தப் பல்லி எதையும் சொல்லவும் போவதில்லை.

என் தேர்வு 'தொகுதித் திரிப்பு'. வரலாற்றுத் திரிப்பு, செய்தித் திரிப்பு என்று நாம் தினமும் எழுதுகிறோம். இருப்பதை வேண்டுமென்றே தன் பக்கம் முறுக்குவது என்ற பொருள் அதில் தெளிவாக நிற்கிறது. சட்டத்துக்கு உட்பட்டதா இல்லையா என்று அது தீர்ப்பு சொல்வதில்லை. வடிவம் கோணலாக இருந்தால்தான் திரிப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இல்லினாயின் நான்காவது தொகுதி பல ஆண்டுகள் காது மூடியைப் போல இருந்தது. லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் வாழும் இரண்டு பகுதிகளை இணைத்து அவர்களுக்கு ஒரு பிரதிநிதி கிடைக்கச் செய்த வடிவம் அது. இன்றைய கணினிகளால் பார்வைக்கு ஒழுங்கான தொகுதிகளை வைத்தே திரிப்பை முடிக்கவும் முடியும்.

இந்தச் சொல் எவ்வளவு கனமானது என்பதை ஒஹாயோ காட்டியது. 2024 நவம்பரில் தொகுதி வரையும் வேலையை அரசியல்வாதிகளிடமிருந்து எடுத்து 15 குடிமக்கள் கொண்ட ஆணையத்திடம் தர மாநில அரசமைப்புத் திருத்தம் ஒன்று மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. அந்த ஆணையம் ஜெர்ரிமாண்டர் செய்தே ஆக வேண்டியிருக்கும் என்ற விளக்கத்தை வாக்குச்சீட்டிலேயே அச்சிட்டார்கள். திரிப்பை ஒழிக்க வந்த திருத்தத்தின் மேலேயே அந்தப் பெயரை ஒட்டினார்கள். மாநில உச்ச நீதிமன்றமும் அதை அனுமதித்தது. திருத்தம் தோற்றது.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் இன்னொரு சொல்லிலும் கவனம் வைக்க வேண்டும். பார்ட்டிசன் என்று வரும் இடத்தில் எல்லாம் 'பாகுபாடான' என்று எழுதுகிறார்கள். இயந்திர மொழிபெயர்ப்பு கொடுப்பதை அப்படியே ஒட்டுவதால் வந்த வினை. அது 'கட்சிசார்' என்று இருக்க வேண்டும். வட கரோலினாவில் 13 இடங்களில் 10 தங்கள் குடியரசுக் கட்சிக்கு வரும்படி வரைவோம், 11 வரும்படி வரைய முடியாது என்பதால்தான் 10 என்று வரைபடக் குழுவை நடத்திய சட்டமன்ற உறுப்பினர் 2016இல் கூட்டத்திலேயே சொன்னார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் போனது. 2019இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், கட்சி ஆதாயத்துக்கான திரிப்பைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. இன அடிப்படையில் வரைந்தாலோ அதே நீதிமன்றங்களில் வழக்குப் போடலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1993 தீர்ப்பு அதற்கு வழி திறந்தது. 'பாகுபாடான தொகுதி' என்று எழுதினால் இன வழக்கும் கட்சி வழக்கும் ஒன்றாகிவிடுகின்றன. கட்சிசார் தொகுதித் திரிப்பு, இனம்சார் தொகுதித் திரிப்பு என்று பிரித்து எழுதுங்கள். 2019இல் நீதிமன்றம் எதிலிருந்து விலகிக்கொண்டது, எதைத் தன்னிடம் வைத்துக்கொண்டது என்பது ஒரே வாசிப்பில் புரியும்.