செல்லோ வில்: சொல் விளக்கம்

வயலின் குடும்பத்துப் பெரிய கருவியான செல்லோவின் நரம்புகளில் உரசி இசை எழுப்பும் கோலை 'செல்லோ போ' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழில் 'போ' என்பது போகச் சொல்லும் சொல். வயலின் வாசிப்பவர்கள் நெடுங்காலமாக வில் என்றே சொல்லிவருகிறார்கள், செல்லோவுக்கும் அதுவே போதும்.

ஆங்கிலத்தின் 'போ', ஜெர்மனின் 'போகன்' இரண்டும் வளைவைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தவை. இத்தாலிய 'ஆர்க்கோ', பிரெஞ்சு 'ஆர்ஷே' இரண்டுக்கும் மூலம் 'ஆர்க்குஸ்' என்ற லத்தீன் சொல். எல்லாமே வேட்டைக்காரர் கையிலிருந்த வில்தான். நாம் வானவில் என்பதை ஜெர்மானியர் மழைவில் என்கிறார்கள், அங்கேயும் அதே 'போகன்'. இசையோடு வில்லைச் சேர்ப்பதும் நமக்குப் புதிதல்ல. குமிழங் கொம்பில் மரல் நாரைக் கட்டிய வில்யாழ் பெரும்பாணாற்றுப்படையில் வருகிறது. ஆனால் அது விரலால் மீட்டியது, உரசியது அல்ல.

சரி, இன்றைய செல்லோ வில்லைக் கையில் எடுத்துப் பாருங்கள், அம்பு எய்யும் வில் மாதிரியா இருக்கிறது? பழைய இசைவில்லின் கோல், அதில் கட்டிய குதிரை மயிரைவிட்டு வெளிப்புறமாக வளைந்திருந்தது, பெயர் அந்த உருவத்துக்கு வைத்தது. 18-ஆம் நூற்றாண்டின் முடிவில் பாரிஸில் வில் செய்துவந்த பிரான்சுவா துர்த் அதற்கு இன்றைய வடிவைக் கொடுத்தபோது கோல் மயிரை நோக்கி உள்வளைந்தது. அடியிலுள்ள திருகாணியை முறுக்கினால் அந்த உள்வளைவு நிமிரப் பார்க்கும், மரம் விடாது. அந்த இழுபறியில்தான் குதிரை மயிர் விறைப்பாக நிற்கிறது. வளைவு திசை மாறியது, பெயர் மாறவில்லை. எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்தது இதுதான்.

அந்த வளைவை வெட்டி எடுப்பதில்லை. கோலை நேராக இழைத்து, சூடுகாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக வளைக்கிறார்கள். சுமார் 80 கிராம் எடையில், வயலின் வில்லைவிடச் சற்றுக் குட்டையாகவும் தடிப்பாகவும், ஆனால் துவளாமல் இருக்க வேண்டும். எங்கே எவ்வளவு செதுக்குவது என்பதை அந்தந்த மரத்துண்டை வளைத்துப் பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும். கையால் செய்த வில்லின் அருமை அங்கே இருக்கிறது. அதனால் 'கைவில்' என்று சுருக்காமல் 'கையால் இழைத்த வில்' என்று எழுதலாம். செய்பவரை வில்லர் என்றால் வில்வீரர் ஆகிவிடுவார், வில்வினைஞர் பொருந்தும்.

அப்புறம், கைப்பிடிப் பக்கம் மயிரைப் பற்றியிருக்கும் கட்டை. ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் அதற்குத் தவளை என்று பெயர், பிரெஞ்சில் குதிகால் என்றும் சொல்வார்கள். இரண்டையும் அப்படியே பெயர்க்க வேண்டாம். வாசிப்பவருக்கு வேண்டியது ஓர் இணை: வில்லின் அடியில் வாசி, நுனியில் வாசி. ஆகவே 'அடிக்கட்டை' என்பது என் பரிந்துரை. அதன் உலோக வளையத்துக்குப் பூண் என்ற நல்ல சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

கோல் செய்யும் மரத்தின் பெயரை மட்டும் மொழிபெயர்க்கக் கூடாது. பெர்னாம்புகோ பிரேசிலில் விளையும் மரம், 2007 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. வாங்குபவர் கண்ணில் அந்தப் பெயர் தெளிவாகப் பட வேண்டும். விற்பனைக் குறிப்பு இப்படி இருக்கலாம்: 'கையால் இழைத்த செல்லோ வில். பெர்னாம்புகோ கோல், கருங்காலி அடிக்கட்டை, வெள்ளிப் பூண்.'