பாடமாக்கியதா, வாசித்ததா?

தரம் 4 வகுப்பு. ஒரு பையன் தமிழ்ப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கடகடவென்று வாசித்தான். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினான், கேள்விக்குறிக்குக் குரலைக்கூட உயர்த்தினான். வகுப்பாசிரியைக்கு முகமெல்லாம் பெருமை. அவனுடைய விரல் மட்டும் ஒரு வரி பின்னால் நின்றது. பந்தியின் நடுவில் ஒரு சொல்லை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் மறைத்து, "இது என்ன, தம்பி?" என்று கேட்டேன். கண்ணை முகட்டுக்குத் தூக்கி, வாய்க்குள் பந்தியை முதலிலிருந்து ஓடவிட்டு, அந்தச் சொல்லில் போய் நிற்கப் பார்த்தான். இரண்டு சொல் தள்ளிப் போய்விட்டான்.

திருகோணமலையில் ஆரம்பப் பிரிவுக்கு ஆசிரிய ஆலோசகராக வேலை செய்கிறேன். இந்தப் பையனைப் போன்றவர்களை மூதூர்ப் பக்கமும் கண்டிருக்கிறேன், நகரத்துக்குள்ளும் கண்டிருக்கிறேன். இவர்கள் ஒளிந்துகொள்ள வகுப்பறையில் இடம் தாராளம். எல்லாரும் சேர்ந்து சத்தமாக வாசிக்கும்போது வாயை அசைத்தால் போதும். தவணைப் பரீட்சையில் ரீச்சரே இரக்கப்பட்டுக் கேள்வியை வாசித்துக் காட்டிவிடுவார். தெரிவு வினாவென்றால் ஏதோ ஒன்றின் கீழ் கோடு போடலாம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை மண்டபத்தில்தான் வாசித்துக் காட்ட ஒருவரும் இருக்க மாட்டார்கள். அதற்குள் நாலைந்து வருடம் போய்விடும்.

பிள்ளை வாசிக்கிறானா என்று அறிய ஒரே வழி, அவன் முன்பு பார்க்காத ஒன்றைக் கொடுத்துத் தனியே கேட்பதுதான். ஒருவருக்கு ஐந்து நிமிடம். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பை ஒரு கிழமையில் முடிக்கலாம். முதலில் எழுத்துகள். 247 எழுத்தையும் கேட்டால் பிள்ளையும் களைத்துவிடும், நாங்களும் களைத்துவிடுவோம். முப்பது எழுத்தைக் கலைத்துப் போட்டால் போதும், ஆனால் கொம்பு வைத்த எழுத்துகள் கட்டாயம் இருக்க வேண்டும். 'கொ'வைப் பாருங்கள்: கொம்பு (ெ) முன்னால், அரவு (ா) பின்னால், ககரம் நடுவில். கண் முதலில் காண்பதை வாய் கடைசியில்தான் சொல்ல வேண்டும். 'கொடி'யைக் 'கெடி' என்பவன் அரவை விட்டுவிடுகிறான். 'கோடி' என்பவன் கொம்பில் மேற்சுழி இல்லை என்பதைக் கவனிக்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே சிவப்புக் கோடு போட்டால் நமக்கு ஒன்றும் தெரிய வராது.

அடுத்தது சொற்கள். அவற்றோடு 'நொபி', 'தேமூ' மாதிரிப் பொருளே இல்லாத சில சொற்களையும் சேர்ப்பேன். ஆசிரியர்கள் சிரிப்பார்கள். ஆனால் பாடமாக்கியவன் மாட்டுப்படுவது இங்கேதான், ஏனென்றால் நொபியை எவரும் பாடமாக்கியிருக்க முடியாது.

கடைசியில் ஒரு சின்னப் பந்தியும் நாலைந்து கேள்வியும். இதில் நானே ஒருமுறை ஏமாந்தேன். பிள்ளைகளுக்குத் தெரிந்த விடயமாக இருக்கட்டும் என்று, பிரட்ரிக் கோட்டைப் பக்கம் திரியும் புள்ளிமான்களைப் பற்றி ஒரு பந்தி எழுதிக் கொண்டுபோனேன். "மான்கள் எங்கே நின்றன? மக்கள் என்ன கொடுத்தார்கள்?" வகுப்பில் எல்லாருக்கும் முழுப் புள்ளி. ஓர் எழுத்தும் தெரியாத பிள்ளைகூட, "கோட்டையடியில, வாழைப்பழத்தோல்" என்று சொன்னது. கோணேசர் கோவிலுக்குப் போகிற வழியில் தினமும் பார்ப்பதைச் சொல்ல வாசிப்பு எதற்கு? பிறகு பந்தியை மாற்றினேன். மான் அதே மான்தான், ஆனால் ஒரு பையனின் இடது கால் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடியது. எந்தக் கால் செருப்பு என்று வாசித்தவனுக்கு மட்டும்தான் தெரியும்.

பிழை எண்ணுவதிலும் அவசரம் வேண்டாம். 'மழை பெய்கிறது' என்பதை 'மழை பெய்யுது' என்று வாசிக்கும் பிள்ளைக்குப் பிழை போட்ட தாள்களைப் பார்த்திருக்கிறேன். யோசித்தால், அந்தப் பிள்ளை எழுத்தைப் பார்த்து, பொருளை எடுத்து, வீட்டுப் பேச்சில் திருப்பித் தந்திருக்கிறது. பாடமாக்கியவன் அப்படிச் செய்ய மாட்டான். 'மழை'யை 'மளை' என்று சொல்வதும் அப்படித்தான், நம்மில் எத்தனை பேர் ழகரத்தைச் சரியாகச் சொல்கிறோம்? பிள்ளை தானே திருத்திக்கொண்டால் சரி என்று போடுங்கள். மூன்று விநாடி திகைத்து நின்றால் அடுத்த சொல்லுக்கு நகர்த்துங்கள். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று ஆங்கிலத்துக்கு வகுத்த கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். அவர்களுக்கு மூன்று நாலு சொல்லாக வருவது நமக்குப் 'போகாவிட்டால்' என்று ஒன்றாகவே வந்துவிடும்.

தடுமாறுகிற பிள்ளைக்கு இன்னொரு பந்தியை நாமே வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்க வேண்டும். கேட்டு விளங்கினால் சிக்கல் எழுத்தில். கேட்டும் விளங்காவிட்டால் சொல்வளத்தில், மொழியில். 1986இல் கஃப், டன்மர் என்ற இருவர் வாசிப்பு விளக்கத்தை, எழுத்தை வாசிக்கும் திறனையும் மொழியை விளங்கும் திறனையும் பெருக்கி வரும் விடையாக எழுதினார்கள். கூட்டல் அல்ல, பெருக்கல். ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். இந்த இரண்டு பிள்ளைகளையும் ஒரே 'மெல்லக் கற்போர்' வாங்கில் இருத்திப் பழைய பந்தியையே பத்துத் தடவை எழுத வைப்பதுதான் எனக்குக் கோபம் வரும் இடம்.

கண்ணும் காதும்? அதை முதலிலேயே பார்த்துவிடுங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7 என்று வரும். தரம் 2 பிள்ளை கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கினால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

அப்புறம், இந்த ஐந்து நிமிடத்தை வைத்துக்கொண்டு பிள்ளைக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்புக் குறைபாடு, என்று சொல்ல நமக்கு அதிகாரமில்லை. இது சல்லடை மட்டும்தான். சில மாதம் முறையாகக் கற்பித்தும் நகராத பிள்ளையைத்தான் அதற்குரியவர்களிடம் அனுப்ப வேண்டும். போனில் சுற்றுகிற அடையாளப் பட்டியல்களையும் நம்பாதீர்கள். ஆங்கில 'b'யையும் 'd'யையும் மாற்றி எழுதுவது அதில் முதல் அடையாளம். தமிழில் அப்படிக் கண்ணாடிச் சோடி எழுத்துகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அந்தத் தரம் 4 பையனுக்குக் கேட்டு விளங்குவதில் ஒரு குறையும் இல்லை. மான் கதையை வாசித்துக் காட்டியபோது, செருப்பு திரும்பக் கிடைத்ததா என்று என்னிடமே கேட்டான். முப்பது எழுத்தில் பதினொன்று மட்டும் தெரிந்திருந்தது. வகுப்பாசிரியை இடைவேளையில் பத்து நிமிடம் ஒதுக்கி, அரவிலிருந்து தொடங்கினார். அடுத்த தவணையில் அவனுடைய அம்மா முறைப்பாட்டோடு வந்தார்.

"மிஸ், முந்தி மழை மாதிரி வாசிச்சவன். இப்ப ஒவ்வொரு எழுத்தாக் கூட்டிக் கூட்டி வாசிக்கிறான். என்ன செய்து வச்சிருக்கிறீங்கள்?"

அவரை இருத்தி, அன்றைய பேப்பரில் ஒரு தலைப்பைக் காட்டி அவனை வாசிக்கச் சொன்னோம். அரை நிமிடத்துக்கு மேல் எடுத்தான். விரல் சொல்லுக்கு நேரே நின்றது.