சாஃப்ட் கிளோ, கிராப்: தமிழில் என்ன சொல்லலாம்?

மார்கழி பாதி கழிந்து குலசேகரம், கீரிப்பாறை பக்கத்து ரப்பர் தோட்டங்களில் இலை பழுக்கத் தொடங்கியதும், நம் குமரி மாவட்டத்தில் கேமராவோ நல்ல போனோ வைத்திருப்பவர்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. படம் எடுத்துவிட்டு வந்து திருத்த உட்காரும்போது இரண்டு சொற்கள் திரும்பத் திரும்பக் காதில் விழும். "அண்ணே, லேசா ஒரு சாஃப்ட் கிளோ போட்டா நல்லா தூக்கும்." "மேல வானத்தை கிராப் பண்ணிருங்க." முதலாவது படத்தின் மேல் மெல்லிய ஒளியைப் பரவவிடுவது, இரண்டாவது படத்தின் ஓரத்தை வெட்டிக் கழிப்பது. பேச்சில் இவை சிக்கலில்லாமல் ஓடுகின்றன. எழுதப் போனால்தான் தடுமாற்றம். கிளோவுக்கு 'மங்கல்' என்றும் கிராப்புக்கு 'பயிர்' என்றும் போட்ட குறிப்புகள் கண்ணில் பட்டதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் பருவத்தின் பெயரைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஆங்கில 'ஆட்டம்' லத்தீனிலிருந்து வந்தது. அமெரிக்கர்கள் சொல்லும் 'ஃபால்', இலை விழும் காலம் என்ற பழைய தொடரின் சுருக்கம். நம் 'இலையுதிர்காலம்' இந்த இரண்டாவதற்குப் பக்கம். பழந்தமிழ்ப் பருவங்களில் கூதிரை இதற்கு நேராகச் சொல்பவர்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை என்று மாதக் கணக்கு ஒத்துத்தான் போகிறது. ஆனால் அந்த இரண்டு மாதமும் குமரியில் வடகிழக்குப் பருவமழை. இலை எங்கே உதிர்கிறது? ஓடையும் குளமும்தான் நிறைகின்றன. இங்கே ஒரு மலைச்சரிவே நிறம் மாறுவதைப் பார்க்க வேண்டுமானால் அமேசான் காட்டிலிருந்து வந்த ரப்பரைத்தான் நம்ப வேண்டும். டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் அது மொத்தமாக இலை கொட்டும். இலையில் பச்சையம் சிதைய, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமி வெளியே தெரியும். பிறகு செம்பு நிறத்தில் தளிர் விடும். ஆக, குமரிக்காரர் 'இலையுதிர்காலப் படம்' என்றால் அது பெரும்பாலும் தை மாதத்து ரப்பர் படம். வீட்டு முற்றத்து வாதுமை மரமும் சிவக்கும்தான், ஆனால் ஒற்றை மரம்.

இனி கிளோ. பழைய ஆங்கிலத்தில் இதன் வேர்ச்சொல்லுக்கு, தீயில் காய்ந்து சிவந்து ஒளிர்வது என்று பொருள். சுவாலை இல்லாத ஒளி. ஜெர்மன் மொழியில் 'க்ளூஹன்' இதன் உடன்பிறப்பு. இன்னும் பின்னால் போனால் ஒளிர்தலைக் குறிக்கும் ஒரு வேரில் போய் முடிகிறது. தங்கத்தைக் குறிக்கும் 'கோல்ட்', மஞ்சளைக் குறிக்கும் 'யெல்லோ' இரண்டும் அதே குடும்பம் என்பார்கள் சொல்லாய்வாளர்கள். பழுத்த ரப்பர் இலைக்கு இந்தச் சொல் தானாகப் பொருந்திவிட்டது வேடிக்கைதான். இந்த முதல் பொருளுக்கு நம்மிடம் அச்சொட்டான சொல் இருக்கிறது: கனல்தல். அடுப்பில் கங்கு கனல்கிறது. ஆனால் படத்தில் போடும் கிளோவில் சூடு இல்லையே. 'மென்கனல்' என்று எழுதிப் பார்த்தால் கவிதைத் தலைப்பு மாதிரி இருக்கிறதே தவிர, காலைப் பனியில் நிற்கும் மரம் கண்ணுக்கு வரவில்லை.

பெயர் வைக்குமுன் அந்த உத்தி என்ன செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும். கிளோவும் பிளரும் ஒன்று என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 'மங்கல்' என்ற மொழிபெயர்ப்பு அங்கிருந்துதான் பிறந்திருக்க வேண்டும். பிளரில் கூர்மை போய்விடுகிறது. கிளோவில் கூர்மை அப்படியே இருக்க, அதன் மேல் ஒளி பரவுகிறது. இலை நரம்பு தெரியும். அந்த இலையைச் சுற்றி ஒரு மெல்லிய ஒளியும் தெரியும். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் அது சாஃப்ட் கிளோ.

இது கணினி கண்டுபிடித்ததும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஒளிப்படம் ஓவியம் போல இருக்க வேண்டும் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அவர்களுக்காக மென்மையாக வரையும் லென்ஸ்களையே தனியாகச் செய்தார்கள். லென்ஸின் ஓரத்தில் நுழையும் ஒளியும் நடுவில் நுழையும் ஒளியும் ஒரே இடத்தில் குவியாமல் போவதை இயற்பியல் பாடத்தில் கோளப் பிறழ்ச்சி என்று படித்திருப்போம். மற்ற லென்ஸ்காரர்கள் ஒழிக்கப் பாடுபட்ட அந்தக் குறையை இவர்கள் வேண்டுமென்றே விட்டு வைத்தார்கள். கூர்மையான பிம்பத்தைச் சுற்றி ஒளி வழியும். பிற்பாடு பிலிம் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் ஃபில்டர் கண்ணாடியில் கொஞ்சம் வாஸ்லின் தடவியோ, லென்ஸ் முன்னால் நைலான் துணியை இழுத்துக் கட்டியோ மணப்பெண்ணின் முகத்தில் இதே வேலையைச் செய்தார்கள்.

நிலக்காட்சிக்கு இதைக் கொண்டுவந்தவர் என்று பேர் பெற்றவர் கனடாக்காரர் மைக்கேல் ஆர்ட்டன். 1980களில் அவர் செய்தது எளிய வேலை, ஆனால் கெட்டிக்கார வேலை. கேமராவை முக்காலியில் நிறுத்தி ஒரே காட்சியை, வெளிச்சத்தில் பிடித்தால் நிறத்தோடு படம் தெரியும் ஸ்லைடு பிலிமில் இரண்டு முறை எடுத்தார். ஒன்று நல்ல கூர்மையாக. மற்றொன்று வேண்டுமென்றே ஃபோகஸ் விலக்கி. இரண்டு ஸ்லைடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே சட்டத்தில் போட்டார். இரண்டு பிலிமையும் தாண்டித்தான் வெளிச்சம் வர வேண்டும் என்பதால் படம் இருண்டுவிடும் அல்லவா? அதற்கு ஈடாக இரண்டையும் தேவைக்கு மேல் வெளிச்சம் கொடுத்தே எடுத்தார். கூர்மையான படம் கோட்டைத் தந்தது, விலகிய படம் நிறத்தை வழியவிட்டது. அதனால்தான் இந்த உத்திக்கு ஆர்ட்டன் எஃபெக்ட் என்று பெயர். சாண்ட்விச் என்ற செல்லப்பெயரும் அந்த இரண்டு ஸ்லைடுகளால் வந்தது.

போட்டோஷாப்பில் செய்வது இதன் நகல்தான். படத்தின் அடுக்கைப் (லேயர்) பிரதியெடுத்து, ஸ்கிரீன் முறையில் வெளிச்சமாக்கி, அதில் ஒரு பிரதியைக் காஸியன் பிளரில் கலைத்து, இருட்டாக்கிக் கலக்கும் மல்டிப்ளை முறையில் மேலே ஏற்றினால் ஆர்ட்டனின் இரண்டு ஸ்லைடுகளும் வந்துவிடும். காஸியன் என்பது கணித மேதை காஸின் பெயர். அவருடைய மணி வடிவ வளைகோட்டின்படிதான் ஒவ்வொரு புள்ளியும் அக்கம்பக்கத்தில் கலைகிறது. போனில் இவ்வளவு வேண்டாம், ஸ்னாப்சீட் செயலியில் கிளாமர் கிளோ என்றே ஒன்று இருக்கிறது. வம்பும் அங்கேதான். வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுகிற மாதிரிதான் இதுவும்: துளி போட்டால் பளிச்சென்று இருக்கும், கை நீண்டால் நீலம்தான் தெரியும். மேலடுக்கின் அடர்த்தியை 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் பெரும்பாலான ரப்பர் படங்கள் கெட்டுப்போகின்றன என்பது என் அபிப்பிராயம். அதற்கு மேல் போனால் பார்ப்பவர் முதலில் கேட்பது, "மக்கா, இது பனியா, நீ போட்டதாடே?"

சரி, தமிழ்ச் சொல். 'மென்னொளி' என்று சிலர் எழுதுகிறார்கள். காதுக்கு இனிமைதான், ஆனால் அது சாஃப்ட் லைட்டுக்கு வேண்டியிருக்கிறது. மேகம் மூடிய காலையில் பேச்சிப்பாறை அணைக் கரையில் நிழலே விழாமல் பரவும் வெளிச்சம் மென்னொளி. அது களத்தில் கிடைப்பது. கிளோ நாம் படத்துக்குள் உண்டாக்குவது. 'ஒளிக்கசிவு' என்றும் ஒரு யோசனை உண்டு. பழைய கேமராவின் ஓட்டை வழியே வெளிச்சம் புகுந்து பிலிமைக் கெடுப்பதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது. 'ஒளிவட்டம்' என்றால் சாமி படத்துத் தலைக்குப் பின்னால் இருப்பது நினைவுக்கு வரும். 'பொலிவு' அழகான சொல், ஆனால் முகப்பவுடர் விளம்பரக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது.

நான் தேர்ந்துகொள்வது 'மென்னொளிர்வு'. ஒளிர்தல் வினைச்சொல், பொருளே ஒளி விடுகிறது என்ற உணர்வு அதில் இருக்கிறது. மேலே விழும் வெளிச்சத்தை அது குறிக்காது. பிளருக்குக் 'கலைப்பு' இருக்கட்டும். பிரகாசமான இடத்திலிருந்து பக்கத்து இருட்டுக்குள் ஒளி பரவும் அந்தச் செயலைத் தனியாகச் சொல்ல வேண்டி வந்தால் 'ஒளிப்படர்வு' எனலாம். "இந்தப் படத்தில் ஒளிப்படர்வு கூடிவிட்டது, அடிமரத்தின் கறுப்பு போய்விட்டது" என்று எழுதிப் பாருங்கள், விளங்குகிறது.

கிராப்பின் கதை இதைவிடச் சுவை. பழைய ஆங்கிலத்தில் அது பறவை இரையைச் சேர்த்து வைக்கும் கழுத்துப் பைக்கும், செடியின் உருண்டைத் தலைக்கும், கதிருக்கும் பெயர். ஏதோ ஒன்றின் புடைத்த நுனி என்று வைத்துக்கொள்ளுங்கள். கதிர் என்பதிலிருந்து விளைச்சல் என்ற பொருள் கிளைத்தது. கதிரின் தலையைக் கொய்வதிலிருந்து நுனியை வெட்டுதல் என்ற வினை கிளைத்தது. அந்த வினை அப்புறம் தலைமுடிக்கு வந்தது, முடியிலிருந்து படத்துக்கும் வந்தது. எனவே 'பயிர்' என்று மொழிபெயர்த்தவர் சொந்தக்காரர் வீட்டுக்குத்தான் போயிருக்கிறார், கதவுதான் மாறிவிட்டது.

தமிழில் இந்தச் சொல் கேமராவோடு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குடுமியை எடுத்துவிட்டு முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டதைக் 'கிராப்பு' என்றார்களே, அது இதே சொல்தான். குடுமியா கிராப்பா என்று வீட்டுக்கு வீடு சண்டை நடந்த காலம் ஒன்று உண்டு. நம் தாத்தாக்கள் தலையில் ஏற்றிய சொல்லைப் பேரன்கள் படத்தில் ஏற்றியிருக்கிறார்கள். இப்படி நம் நாக்கில் ஊறிய சொல்லை அந்நியம் என்று விரட்ட வேண்டுமா என்று கேட்டால், பேச்சில் வேண்டாம் என்பேன். எழுத்தில் தமிழ்ச்சொல் இருந்தால் நல்லது.

போன் செயலிகளின் தமிழ்ப் பதிப்பில் இதற்குச் 'செதுக்கு' என்று போடுகிறார்கள். 'வெட்டு' என்பதை எழுத்தை வெட்டி ஒட்டும் கட்டளைக்குக் கொடுத்துவிட்டதால் இந்த ஏற்பாடாக இருக்கலாம். செதுக்கு தவறான சொல் இல்லை. வரப்பில் புல் செதுக்குகிறோம், வேண்டாததை மேலாக எடுத்துவிடுகிறோம். ஆனால் கல்சிற்பத்துக்குப் பேர்போன மயிலாடிக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்குச் செதுக்கு என்றதும் உளியும் கல்லும்தான் தெரியும். சிற்பி உள்ளே போய் உருவத்தையே மாற்றுகிறார். கிராப்பில் உள்ளே எதையும் தொடுவதில்லை. நாலு ஓரத்தில் நேராக வெட்டுகிறோம், அவ்வளவே. "படத்தைச் செதுக்கினேன்" என்றால் மூக்கைத் திருத்தினாரோ என்று சந்தேகம் வருகிறது.

இதற்குப் பனங்காட்டில் ஒரு சொல் காத்திருக்கிறது: நறுக்கு. ஓலையின் ஓரங்களை அளவாக வெட்டி, எழுதுவதற்கு நீள்சதுரமாக எடுத்துக்கொண்ட துண்டுக்கு ஓலை நறுக்கு என்று பெயர். கிராப்பும் அதே வேலை: இருப்பதில் வேண்டிய சதுரத்தை எடுத்து, ஓரத்தைக் கழிப்பது. நகம் நறுக்கு, முடி நறுக்கு என்ற வழக்கும் கிராப்பின் பழைய பொருளோடு ஒத்துப்போகிறது. வினையாக 'நறுக்கு', பெயராக 'நறுக்கல்', நறுக்காத படத்துக்கு 'முழுச்சட்டம்'. காய் நறுக்குவது நினைவுக்கு வரும் என்பார்கள். வரட்டுமே.

ரப்பர் தோட்டத்தில் நறுக்கல் இல்லாமல் முடியாது. மரங்கள் நேர்வரிசையில் ஒரே இடைவெளியில் நிற்பதால், ஓரத்தில் பாதி மரம் மாட்டிக்கொண்டால் வரிசையின் தாளமே கெடும். பால் வடிக்கும் சிரட்டை ஒன்று மூலையில் துருத்திக்கொண்டு நிற்கும். மேலே இலையில்லாத கிளைகளுக்கு நடுவே வெறும் வெள்ளை வானம். அதை எடுத்துவிட்டு, மூன்றுக்கு இரண்டு என்ற சட்டத்தைப் பதினாறுக்கு ஒன்பதாகத் தட்டையாக்கினால் தரையில் கிடக்கும் சருகும் அடிமரங்களும் மட்டும் நிற்கும். விலை என்ன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 24 மெகாபிக்சல் படம் 6000க்கு 4000 புள்ளி. அகலத்தையும் உயரத்தையும் பாதியாக நறுக்கினால் மிஞ்சுவது 12 இல்லை, 6 மெகாபிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் முழுப்படம் 20 அங்குல அகலம் அச்சாகும். நறுக்கியது 10 அங்குலம்தான்.

எது முதலில் என்று கேட்பார்கள். நறுக்கல் முதலில், மென்னொளிர்வு பிறகு. காரணம் இரண்டு. காஸியன் கலைப்பின் ஆரம் புள்ளிக் கணக்கில் இருக்கிறது. முழுச்சட்டத்தில் 30 புள்ளி ஆரத்தில் அளவாகத் தெரிந்த ஒளிப்படர்வு, அகலத்தைப் பாதியாக நறுக்கியபின் சட்டத்தோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்கு அகலமாகிவிடும். படம் சோப்பு நுரையில் முக்கியது போல் ஆகும். இரண்டாவது, அந்த வெள்ளை வானம். அதை வைத்துக்கொண்டே மென்னொளிர்வு சேர்த்தால் வானத்தின் ஒளி கீழே இறங்கி மஞ்சள் இலைகளை வெளிறவைக்கும். அப்புறம் வானத்தை நறுக்கினாலும் இறங்கிய வெளுப்பு போகாது. முதலிலேயே வானத்தைக் கழித்துவிட்டால் இலையின் மஞ்சள் மட்டும் அடிமரங்களுக்கு இடையே பரவும்.

படத்துக்கு அடியில் குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவர்கள் இப்படி எழுதலாம்: 'ரப்பர் இலையுதிர்வு, குலசேகரம், தை மாதக் காலை. மேல்பக்கம் நறுக்கியது. மென்னொளிர்வு 15 சதவீதம்.' போட்டிக்கு அனுப்புவதாக இருந்தால் விதிமுறையைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்; நறுக்கலை அனுமதிக்கும் சில போட்டிகள் மென்னொளிர்வை ஏற்பதில்லை.