பார்வோ (நாய்க் குறுநச்சுயிரி): சொல் விளக்கம்

‘பர்வுஸ்’ என்ற இலத்தீன் சொல்லுக்குச் சிறியது என்று பொருள். ‘வைரஸ்’ என்பதும் இலத்தீன்தான். நஞ்சைக் குறித்த சொல். இரண்டும் சேர்ந்து பார்வோவைரஸ்; நாய்க்குட்டிகளைத் தாக்கிக் கொல்லும் நோயையும் பார்வோ என்றே சொல்கிறார்கள். பர்வோ என்றும் எழுதுகிறார்கள். விவிலியத்துப் பார்வோனுக்கும் இதற்கும் உறவில்லை.

வைரஸுக்கு ‘நச்சுயிரி’ என்ற சொல் தமிழில் முன்பே புழங்குகிறது. அதன் முன் ‘குறு’ சேர்த்தால் மூலப் பொருள் கெடாமல் ‘நாய்க் குறுநச்சுயிரி’ கிடைக்கும். மருத்துவரிடம் போகும்போது பார்வோ என்றே சொல்லுங்கள், உடனே புரியும். ‘வாந்திபேதி’ மட்டும் இதற்கு ஈடான சொல் ஆகாது. அது அறிகுறியின் பெயர். குடற்புழுவாலும் வரும், கெட்டுப்போன உணவாலும் வரும். அந்தப் பெயரில் நினைத்துக்கொண்டால், இரண்டு நாள் பார்ப்போம் என்று இருந்துவிடத் தோன்றும். பார்வோ வந்த குட்டிக்கு அவ்வளவு அவகாசம் இருக்காது.

எவ்வளவு சிறியது? குறுக்களவு ஏறத்தாழ 25 நானோமீட்டர். தன்னைத்தானே படியெடுத்துக்கொள்ளும் நொதிகூட இதனிடம் இல்லை. வேகமாகப் பிரியும் செல்லுக்குள் நுழைந்தால்தான் பெருக முடியும். வளரும் குட்டியின் குடலும் எலும்பு மஜ்ஜையும் அப்படிப்பட்ட இடங்கள். குடலின் உட்சுவர் உதிர்ந்து ரத்தக்கழிச்சல் உண்டாகிறது; மஜ்ஜை அடிபட்டு வெள்ளணுக்கள் சரிகின்றன; குடலில் இருந்த பாக்டீரியா ரத்தத்துக்குள் இறங்குகிறது. நாய்களைக் கொல்லும் இந்த வகை 1978இல் கண்டறியப்பட்டு, இரண்டே ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது. மனிதருக்கு வரும் பார்வோ பி19 வேறு. அது நாயிடமிருந்து வருவதில்லை.

இதற்குக் கொழுப்பு உறை கிடையாது. வீட்டைச் சுத்தம் செய்வோர் தவறுவது இந்த இடத்தில்தான். சோப்பும் ஆல்கஹாலும் சில நச்சுயிரிகளைக் கொல்வது, அவற்றின் கொழுப்பு உறையைக் கரைப்பதால். உறையே இல்லாததை அவை ஒன்றும் செய்யாது. தரை துடைக்கும் வாசனைத் திரவங்களில் பலவும் அப்படித்தான். வேலை செய்வது பிளீச் திரவம். சுமார் 5 சதவீதச் செறிவுள்ளதை ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 33 மில்லி அளவில் கலக்க வேண்டும். முதலில் மலம், வாந்தி, சிறுநீர் அனைத்தையும் அள்ளி, சோப்புத் தண்ணீரால் கழுவி அலசுங்கள். அழுக்கு மிஞ்சினால் பிளீச்சில் உள்ள குளோரின் அதிலேயே செலவாகிவிடும். சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பும். பிறகு கலவையை ஊற்றி, 10 நிமிடம் தரை ஈரமாகவே இருக்க வேண்டும். ஊற்றியதும் துடைத்துவிட்டால் பயனில்லை. வெந்நீர் வேண்டாம், நேற்றுக் கலந்ததும் வேண்டாம், வீரியம் போயிருக்கும். மண் தரையில் பிளீச் எடுபடாது. நிழலான மண்ணில் இந்த நச்சுயிரி மாதக்கணக்கில், சில சமயம் ஓராண்டு வரையிலும் தங்கும். ஆகவே நோய் வந்துபோன வீட்டுக்கு, தடுப்பூசித் தொடர் முடியாத குட்டியைக் கொண்டுவராதீர்கள்.

தடுப்பூசி ஏன் ஒன்றோடு முடிவதில்லை? சீம்பாலில் தாய் தந்த எதிர்ப்பொருள் வாரத்துக்கு வாரம் குறைகிறது. ஒரு கட்டத்தில் அது நோயைத் தடுக்கப் போதாது, ஆனால் ஊசியின் வேலையைக் கெடுக்கப் போதும். இந்த இடைவெளி எந்த வாரத்தில் வரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6–8 வார வயதில் தொடங்கி, 2–4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் தாண்டும்வரை போடுகிறார்கள். கடைசி ஊசியைத் தவறவிடுவதுதான் பெரிய ஓட்டை. ஓராண்டுக்குள் ஒரு ஊக்க ஊசியும் உண்டு. தொடர் முடியும்வரை பொது இடத்துத் தரையில் குட்டியை விடாமல் தூக்கிக்கொண்டே போங்கள்.

தொற்றி 3–7 நாளில் சோர்வு, உணவு மறுப்பு, வாந்தி, நாற்றமடிக்கும் கழிச்சல் என்று தொடங்கும். கழிச்சலில் ரத்தம் தெரியக் காத்திருக்க வேண்டாம். மலத்தில் செய்யும் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். மனிதருக்கான பேதி மாத்திரை கொடுக்காதீர்கள். வாந்தி எடுக்கும் குட்டியின் வாயில் தண்ணீரைப் புகட்டினால் நுரையீரலுக்குள் போகலாம். நீரிழப்பை மருத்துவர் ரத்தக்குழாய் வழியாகத் திரவம் ஏற்றி ஈடுகட்ட வேண்டும். வீட்டில் வேறு நாய் இருந்தால் அதை முதலில் கவனித்து, நோயுற்றதைக் கடைசியில் தொடுங்கள். அதற்கென்று தனிச் செருப்பு, தனித் தட்டு. பிழைத்த பிறகும் சில வாரங்கள் மலத்தில் நச்சுயிரி வரும் என்பதால் தனிமை தொடரட்டும்.